ஹினெக் தொட்ட வரி

செத்துவிட்டது!

மனிதன் அல்ல... மென்பொருள். ராட்காவின் திரையில் மறுபடி உறைந்து நின்றது.

ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஓடுகிறது. இன்னொன்றைக் கொடுத்தால் சாகிறது. ஏன்?

மனிதன் போன வாரமே செத்திருந்தான். அவள் கணவன் ஹினெக். ப்ர்னோ நகரத்து ஆற்றில் மிதந்தான்.

புரோகிராமர்களின் ஒவ்வொரு திருத்தத்தையும், செய்தவர் பெயரோடு சேர்த்து வைக்கும் மென்பொருள் அது. ஹினெக்கும் நண்பன் லுபோரும் எழுதியது. அதிலிருந்த ஓட்டை வழியே திருடர்கள் ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பூட்டினார்கள். பழி ஹினெக் மேல்!

அழைப்பு மணி.

லுபோர், வாசலில் ஷூவை உதறிவிட்டு வந்தான். ப்ளம் சாராயத்தை அவனே ஊற்றிக்கொண்டான்.

"நாளைக்கு விசாரணை அறிக்கை வருது ராட்கா. ஹினெக் வேணும்னே பண்ணான்னு."

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"அந்த வரியில அவன் பேர்தானே இருக்கு! அவனே ஒத்துக்கிட்டானே!"

ராட்காவும் புரோகிராமர்தான். கோப்பின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக நீட்டினாள்...

செத்தது!

"நீளம்! கோப்போட பேருக்கு நினைவகத்துல ஒரு சின்னப் பெட்டிதான் ஒதுக்கியிருக்கு. மிச்சம் பக்கத்துப் பெட்டியில கொட்டுது. அடுத்து என்ன செய்யணும்கிற குறிப்பு அங்கதான் இருக்கு. எதைக் கொட்டணும்னு தெரிஞ்சு கொட்டினா... திருடன் சொல்றபடி ஆடும்!"

"அந்தக் கொட்டுற வரிதான் அவனோடது."

அவள் பார்வை வாசலுக்குப் போனது. ஷூக்கள் கோணலாய்க் கிடந்தன. ஒரு வாரமாய் எல்லார் ஷூவும் அப்படித்தான்...

"இங்க வந்தா உங்க ஷூவை யாரு நேரா வைப்பா?"

"ஹினெக்தான். அவனுக்கு அது ஒரு வியாதி..." லுபோரின் சிரிப்பு பாதியில் நின்றது.

'இடைவெளி மாற்றங்களை ஒதுக்கிவிட்டு, எழுதியவர் பெயரைக் காட்டு' என்று ராட்கா மென்பொருளுக்குக் கட்டளையிட்டாள்.

திரையில் பெயர் மாறியது.

லுபோர்!

"வரிக்கு முன்னால இருந்த இடைவெளியை மட்டும் ஹினெக் நேரா வச்சான். கடைசியாத் தொட்டவன் பேரை அது காட்டுச்சு. பாவி... தன் வரின்னே நம்பிட்டான்."

லுபோர் கோப்பையைக் கீழே வைத்தான். "சத்தியமா தெரியாம எழுதிட்டேன் ராட்கா..."

"எழுதினது தெரியாம. அவன் மேல போட்டது?"



கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே வரி சேர்த்தாள்: பெட்டியில் போடும் முன் பெயரின் நீளத்தை அளந்து பார், பெட்டியை விடப் பெரிதானால் ஏற்காதே.

மிக நீளமான பெயரைக் கொடுத்தாள். மறுத்தது... ஆனால் சாகவில்லை!

அறிக்கை எழுதுபவர்களுக்கு எல்லாவற்றையும் அனுப்பினாள்.

"புது வரியோட இடைவெளியையும் நானே நேரா விட்டுட்டேன் லுபோர். போறப்ப உங்க ஷூவை நீங்களே தேடிக்கங்க... நேரா வைக்கிறவனைத்தான் ஆத்துக்கு அனுப்பிட்டீங்களே!"