பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில்

தான் பட்டியலை அப்படித்தான் விட்டுவைத்தோமா என்று பத்மாவதிக்கு நிச்சயமாக நினைவில்லை. வரவேற்பு மேசைக் கணினியின் திரையில் விடுதி அறைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒன்பது, பத்து, பதினொன்று. அதற்கடுத்து நான்கு. பிறகு பதின்மூன்று.

நான்கு அங்கே வரக்கூடாது.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் அவள் தங்கியிருந்த அந்த விடுதிக்கு ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக் கொடுத்தவளே அவள்தான். உள்ளே போடுவதையெல்லாம் தானே வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளும் ட்ரீசெட் என்ற தொகுப்பில் ஆட்களைப் போட்டிருந்தாள். அது ஆளைப் பெயரால் அறியாது, அறை எண்ணால் மட்டுமே அறியும். ஓர் எண்ணில் இரண்டாவது ஆளை ஏற்காது. அதில் இருப்பவரின் அட்டைக்குத்தான் அறைக்கதவு பச்சை காட்டும். பொழுதுபடும் வேளையில் தங்கியிருப்போர் பெயர்களோடு பொலிஸுக்குக் கொடுக்கும் தாளும் அதிலிருந்துதான் அச்சாகும். 2008ஆம் ஆண்டு அது. தாளில் இல்லாத தமிழர் ஒருவர் விடுதியில் நின்றால் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள்.

நான்குக்கு எதிரே முத்துலிங்கம் என்றிருந்தது. கனடா விசாவுக்குக் காத்திருந்தவர். போன கிழமை விடுதி வாசலில் வைத்து யாரோ அவரை வெள்ளை வான் வண்டியில் கடத்திக்கொண்டுபோய்விட்டார்கள்.

"இன்னும் எடுக்கேல்லையே பிள்ளை?" விடுதிக்காரர் இரத்தினசிங்கம் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "அந்தாளின்ரை பேர் தாளிலை கிடந்தா, எங்கை ஒளிச்சு வச்சிருக்கிறியள் எண்டு எங்களையெல்லோ உலுப்புவாங்கள். இண்டைக்குச் செக்கிங். கெதியா எடுத்துவிடும்."

"செக்கிங் எண்டு ஆர் சொன்னது?"

அவர் தெருவைப் பார்த்தார். சோதனை வருவது எப்போதும் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. வான் வந்த அன்றும் காலையிலேயே தெமட்டகொடையில் அலுவல் என்று போய்விட்டவர். அடுத்த நாளே, நல்ல காற்று வரும் என்று சொல்லிப் பத்மாவதியை முத்துலிங்கத்தின் நான்காம் அறைக்கு மாற்றியவரும் அவர்தான். அந்த அறையில் காற்று வரவில்லை. தலையணைக்குள்ளிருந்து தைலமும் ஈரத் துவாய்த்துண்டும் கலந்த ஒரு மணம் வந்தது. அவள் உறையை மாற்றினாள், பிறகு தலையணையையே மாற்றினாள், ஆனாலும் விளக்கை அணைத்ததும் அந்த மணம் கட்டிலின் மறுபக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. சில வேளை கதவுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். திறந்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

வரவேற்பில் வேலை செய்யும் பாயிஸ் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"மிஸ், நாலாம் அறைல ஆரும் ஈக்காங்களா?"

"அங்கை நான்தானே. ஏன்?"

"இல்ல, இப்ப ஆரோ காட் போட்டாங்க. செவப்பு வந்த சத்தம் கேட்டிச்சு. ரெண்டு தரம்."

அவளுடைய அட்டை அவள் கையில் இருந்தது.

"அதுகளைப் பிறகு பாக்கலாம்," என்றார் இரத்தினசிங்கம். "எடும்."

முத்துலிங்கம், நான்கு என்று தட்டி, நீக்கச் சொன்னாள். ட்ரூ என்று வந்தது. எடுத்தாயிற்று. இரத்தினசிங்கம் உடனே தாளை அச்சிட்டு, அதைப் பார்க்காமலே மடித்து வாசலுக்குக் கொண்டுபோனார்.

பத்மாவதி திரையை மேலிருந்து பார்த்தாள். மூன்றுக்கு அடுத்தது ஐந்து. கீழே பதினொன்று. நான்கு, முத்துலிங்கம். பதின்மூன்று.

இப்போது நினைவு வந்தது. முத்துலிங்கம் முதலில் இருந்தது பன்னிரண்டில். கூரை ஒழுகியதால் அவரை நான்குக்கு மாற்றினார்கள். ஆளைத் தொகுப்பிலிருந்து எடுத்து, எண்ணை மாற்றி, திரும்பப் போட்டிருக்க வேண்டும். வேலைக்குப் போகும் அவசரத்தில், இருந்த இடத்திலேயே எண்ணை மட்டும் மாற்றியிருந்தாள். அதன்பின் நான்கைத் தேடும்போதெல்லாம் நிரல் நான்கு இருக்கவேண்டிய இடத்தில் தேடி, இல்லை என்று திரும்பியது. அவரோ பன்னிரண்டின் இடத்தில் இருந்தார்.

"தங்கச்சி, கதவு சிவப்பெல்லோ காட்டுது," என்று அன்றைக்கு முத்துலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு சிரித்தார். "கனடாக்காரன்தான் விடுறானில்லை எண்டா, நீரும் விடுறீரில்லை."

"பின்னேரம் பாக்கிறன் அண்ணை."

அவர் வாசற்படியில் குந்தியிருந்து காத்திருந்தார். வான் அங்கேதான் வந்தது.

அவர் இடம் மாறிக் கிடந்ததால்தான் தொகுப்பு அவளையும் நான்கில் ஏற்றது. இப்போது நான்கை நீக்கச் சொன்னதும், அதற்குக் கிடைத்த நான்கை நீக்கியது.

அவளை.

தெருவில் ஜீப் நின்றது. பத்மாவதி, நான்கு என்று தட்டினாள். சேர்க்கச் சொன்னாள். ஃபால்ஸ். மறுபடி தட்டினாள். ஃபால்ஸ். இப்போதுதான் காலியான அந்த இடத்தில் ஆள் இருக்கிறது.

மாடியில் ஒரு செருமல்.

பூட்டின் ஒலி. இம்முறை ஒன்றுதான். நீளமாக.

பச்சை.

கதவு திறந்தது. மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"லைட்டும் போட்டீக்கு மிஸ்," என்றான் பாயிஸ், மேலே பார்த்தபடி.

பொலிஸார் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போனார்கள். நான்காம் அறையைத் தட்டியபோது உள்ளே யாரோ செருமினார்கள். முத்துலிங்கத்தின் பெயருக்கு எதிரே சரி என்று அடையாளம் போட்டார்கள். கீழே வந்து, தாளில் இல்லாத பத்மாவதியை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரத்தினசிங்கம் அந்த ஆண்டு முடியுமுன் லண்டனுக்குப் போய்விட்டார். பாயிஸ் கல்கிசையில் போன் கடை வைத்திருக்கிறான். முத்துலிங்கமும் பத்மாவதியும் திரும்பி வரவில்லை.

பத்மாவதியை ஏற்றிக்கொண்டுபோன அடுத்த நாள் பொழுதுபட, வழக்கம்போலப் பாயிஸ் தாளை அச்சிட்டான். பதினொன்று. நான்கு, முத்துலிங்கம். நான்கு, பத்மாவதி. பதின்மூன்று. அவளை யாரும் அங்கே சேர்த்திருக்கவில்லை. எடுக்கவும் முடியவில்லை. மாடியில் பூட்டு சிவப்பு ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது, விடாமல், யாரோ அவசரமாக உள்ளே போகப் பார்ப்பதுபோல.