கடைசிக் கவளம்

வேலையிலிருந்து திரும்பியதும் இன்னாசித்தம்பி செய்வது எப்போதும் ஒன்றே. சப்பாத்துகளைக் கழற்றி, அவற்றின் முனை வாசலைப் பார்க்கும்படி வைப்பார். மன்னாரிலிருந்து ஓடிவந்து இருபதாண்டுகள் கழிந்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை. ஓடவேண்டி வந்தால் கால் தடுமாறக் கூடாது. பிறகு தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். அதன் பின்னரே தேநீர்.

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே, காட்டோரத்தில், பழைய வனக்காவலர் வீடு ஒன்றில் அவரும் மனைவி நேசமலரும் 2006ஆம் ஆண்டு குடியேறினார்கள். அருகிலிருந்த மர ஆலையில் அவருக்கு வேலை. ஆலைத் தோழர்களோடு தேர்வெழுதி வேட்டை உரிமமும் பெற்றிருந்தார். இரட்டைக்குழல் துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள் இருந்தது.

நவம்பரில் ஒரு பிற்பகல், முயல் தேடிச் சென்றவருக்கு ஓடையோரம் பெண்மான் ஒன்று தென்பட்டது. குழலில் இருந்ததோ முயலுக்கான சிறு ஈயச் சன்னம், மிளகளவு குண்டுகள். மானை அதனால் சுடுவது அந்நாட்டில் குற்றம். அது கொல்லாது, புண்ணாக்கி அலையவிடும். ஆசை முந்திக்கொண்டது. சுட்டார். மான் தள்ளாடியபடி மூடுபனிக்குள் மறைந்தது. காயப்பட்டதைத் தேடிப்போவது வேட்டைக்காரனின் கடமை. ஆட்களையும் நாயையும் கூட்டித் தேடினால் குற்றம் வெளிப்படும்.

அவர் வீட்டுக்கு வந்து, தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்தார்.

மூன்றாம் நாள், வெளிச்சம் வடியும் நாலரை மணிக்கு, வாசலின் மரப்படியில் ஓசை எழுந்தது. இரண்டு தட்டு. அமைதி. மீண்டும் இரண்டு. கதவின் அடியிடுக்கில் ஈரமான மூச்சொன்று நெடுநேரம் இழுபட்டது. அழுகிய இலையின் வாடையும் துருவின் வாடையும் வீட்டுக்குள் பரவின.

திறந்தபோது எவருமில்லை.

கால்மிதியில் மூன்று ஈயச் சன்னங்கள் கிடந்தன. அவை இளஞ்சூடாக இருந்தன.

மறுநாள் ஏழு.

சனிக்கிழமை பகலில், ஆலையில் உடன் வேலைசெய்யும் ஊர்க்காரன் பீலிக்ஸ் வந்தபோது, மேசையில் மூன்று வகைத் தோட்டாக்கள் வரிசையாக நின்றன.

"என்னண்ணை, சொக்கட்டான் விளையாடப் போறியளோ?"

"வீட்டுக்குள்ளை ஒண்டு வர வெளிக்கிட்டால், எதைப் போடுறது நல்லது?"

"வீட்டைக் காக்க எண்டு தோட்டாக் கடையிலை வாய் திறந்திடாதேங்கோ. லைசென்சைப் பறிச்சுப்போடுவாங்கள்." பீலிக்ஸ் சிரித்துக்கொண்டே முதலாவதைத் தொட்டான். "இந்தச் சின்னச் சன்னம் வாறதை நிப்பாட்டாது. நடுவிலை நிக்கிறது நிப்பாட்டும், ஆனா சிதறும். பக்கத்து அறையிலை அக்கா நிண்டால்?"

"கடைசி?"

"அது ஒற்றைக் குண்டு, காட்டுப்பண்டிக்கு. கதவையும் துளைக்கும், கதவுக்கு அங்காலை நிக்கிறதையும் துளைக்கும்." அவன் சிரிப்பு அடங்கியது. "ஆரண்ணை வாறது?"

இன்னாசித்தம்பி ஒற்றைக் குண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலையும் படியில் ஓசை எழுந்தது. அவர் கதவுக்கு நேரே சுட்டார். நேசமலர் அலறினாள். புகை அடங்கியதும், பலகையில் விழுந்த துளை வழியே சாம்பல் வெளிச்சம் தெரிந்தது.

பிறகு அந்த வெளிச்சம் அடைபட்டது.

துளையில் ஒரு கண் இருந்தது. பெரியது, கரியது, இமைக்காதது.

விடிந்தபோது தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. நசுங்காத ஒற்றைக் குண்டு கதவுக்கு உட்புறம் கிடந்தது. சப்பாத்துகள் இரண்டும் வீட்டுக்குள்ளே பார்த்தபடி திரும்பியிருந்தன.

"உள்ளை வந்திட்டுது," என்று நேசமலர் கிசுகிசுத்தாள். "உண்மையைச் சொல்லுங்கோ. என்னத்தைச் சுட்டனீங்கள்?"

அவர் சொன்னார்.

சுட்டு வீழ்த்திய விலங்கின் வாயில் பச்சைக் கொப்பொன்றை வைப்பது அந்நாட்டு வேட்டைக்காரர் வழக்கம். கடைசிக் கவளம் என்பார்கள். கணவர் தேர்வுக்குப் படித்த நாளில் அதைக் கேட்டு, எங்கடை வாய்க்கரிசிதான் என்று வியந்தவள் நேசமலர்.

"அதுக்குக் கொப்பு வைச்சனீங்களோ?"

"இல்லை."

"அப்ப அது பசியோடை திரியுது."

விலங்குகள் பேசும் கதைகளைப் பிள்ளைகள் விரும்புவார்கள். அங்கே அவை நியாயத்தை வாய்விட்டுக் கேட்கும். இந்த மான் பேசவில்லை.

இன்னாசித்தம்பி துப்பாக்கியில்லாமல் காட்டுக்குள் போனார். ஓடையின் வளைவில், சருகுகளுக்கிடையே அது கிடந்தது. வாய் திறந்திருந்தது. முட்டுக்காலில் அமர்ந்து, ஊசியிலைக் கொப்பொன்றை முறித்து அந்தப் பற்களுக்கிடையே வைத்தார். "பிழைதான். பொறுத்துக்கொள்," என்றார். திங்கட்கிழமை வேட்டை உரிம அலுவலகத்தில் குற்றத்தை எழுதிக்கொடுத்து, துப்பாக்கியையும் உரிமத்தையும் ஒப்படைத்தார்.

அன்று மாலை படியில் ஓசை எழவில்லை. இருவரும் அயர்ந்து உறங்கினார்கள்.

காலையில் நேசமலர் அவரை எழுப்பவில்லை. கட்டிலருகே கைகளைப் பிசைந்தபடி நின்றாள்.

"அசையாதேங்கோ," என்றாள். "வாயிலை…"

நாவில் கசப்பு ஊறியது. பற்களுக்கிடையே ஏதோ இருந்தது. மெல்ல உருவி எடுத்தார்.

மானுக்கு அவர் வைத்தது ஊசியிலைக் கொப்பு. இது கருவாலி எனும் ஓக் மரத்தின் தளிர்; நவம்பரில் எந்தக் காட்டிலும் துளிர்க்காதது. பனிநீர் இன்னும் அதில் உலரவில்லை.