லூன் வராத மாதம்

பதினேழாம் பெட்டியில் யாரோ இருமினார்கள்.

அமலினி ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு நிமிட ஒலித்துண்டை மறுபடி ஓடவிட்டாள். முதலில் காற்று. உறைந்த ஏரிக்கு மேலால், தடுப்பதற்கு ஒரு மரம்கூட இல்லாமல் வருகிற நீளமான காற்று. அதற்குள் எங்கோ பனிக்கட்டி தனக்குத்தானே முனகிக்கொள்ளும் சத்தம். பிறகு மைக்குக்கு மிகக் கிட்ட, ஈரத் துணிக்குள் வாயைப் புதைத்துக்கொண்டு இருமியதுபோல, ஒரேயொரு இருமல். வெளியே, இந்த இத்தாலிய நகரத்துச் சந்தைப் பகுதியான போர்கோ வெக்கியோவில், மே மாதத்து மத்தியானம் இரண்டரை மணி. சந்தைக்காரர்கள் மீன் பலகைகளைக் கழுவிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். சிரொக்கோ என்று இந்த ஊர்ச் சனம் திட்டித் தீர்க்கிற வெக்கைக் காற்று, தெருப் புழுதியை அள்ளிவந்து சாத்திக் கிடந்த யன்னல் பலகைகளில் தேய்த்துக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் வீடு இருட்டாக இருந்தது.

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

இந்த வேலை, ரொறொன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் விமலராஜ் தன் பெயரைச் சொல்லிப் பிடித்துக்கொடுத்தது. கனடாவின் வடக்கே ஒரு பெருங்காடு. அதிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பூர்வகுடிகள், அரசாங்கத்தோடு வருடக்கணக்காக வாதாடி, அந்தக் காட்டைப் பாதுகாக்கிற பொறுப்பைத் தங்கள் கைக்கே எடுத்துக்கொண்டவர்கள். கரிபூ மான்கள் எந்தப் பக்கத்தால் கடக்கின்றன, எந்தப் பறவை எப்போது வருகிறது, களவாக மரம் வெட்ட யாரும் நுழைகிறார்களா என்று அறிய, அவர்களுடைய காவலர்கள் மரங்களில் ஒலிப்பெட்டிகளைக் கட்டியிருந்தார்கள். பெட்டிகள் அன்றன்று செய்மதி வழியாக அனுப்புவதை நிமிடம் நிமிடமாகக் கேட்டு, இது காற்று, இது ஓநாய், இது இன்ன பறவை என்று குறிப்பதுதான் வேலை. சிஞ்ஞோராமார் என்கிற இத்தாலியச் சீமாட்டிகளின் வீடுகளில் தரை துடைத்தே முழங்கால் தேய்ந்தவளுக்கு, கதிரையில் இருந்தபடி பறவை கேட்கிற உத்தியோகம். கோவிலில் சிலருக்கு வயிறெரிந்திருக்கவும் கூடும்.

ஒரேயொரு கண்டிப்பு இருந்தது. மனிதக் குரல் கேட்டால் அதற்குமேல் கேட்கக்கூடாது, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட வேண்டும். காட்டுக்குள் ஒரு மனிதன் பாடுவதும் மன்றாடுவதும் அவனுக்கும் அவன் சனத்துக்கும் உரியது, அதை நாங்களே கேட்டுக்கொள்வோம் என்று, காவலர்களுக்குப் பொறுப்பாக இருந்த லோரெட்டா முதல் நாளே வீடியோவில் வந்து சொல்லியிருந்தாள்.

இரண்டு மணித்தியாலத்தில் லோரெட்டாவிடமிருந்து பதில் வந்தது. மூன்று பேர் கேட்டுப் பார்த்தார்களாம். காற்று மட்டும்தானாம். கீழே இன்னொரு பந்தி இருந்தது. நீ பதினேழாம் பெட்டியைச் சொன்னதால் அதற்கு எழுதப்பட்ட பழைய குறிப்புகளைப் புரட்டினோம். ஏப்ரல் பதினோராம் தேதி நீ லூன் பறவை என்று குறித்திருக்கிறாய். பனிக்கட்டி உருகி ஏரித் தண்ணீர் திறந்த பிறகுதான் லூன் எங்களிடம் வரும். அன்றைக்கு ஏரி முழுவதும் கட்டியாகக் கிடந்தது. நீ கேட்டது என்னவென்று நினைவிருக்கிறதா?

அமலினி அதை இரண்டு தரம் வாசித்தாள். நினைவில்லாமல் என்ன? சோறு வடிக்கும்போதும் நினைவிருந்தது, செபமாலை சொல்லும்போதும் நினைவிருந்தது.

அன்றைக்குக் கேட்டது ஒரு ஆணின் குரல். நெடுநேரம் கத்திக் கத்திக் கம்மிப்போன குரல். ஒரே பெயரைக் கூப்பிட்டது, பதில் வருகிறதா என்று பார்ப்பதுபோல நிறுத்தியது, மறுபடி கூப்பிட்டது. பாஷை தெரியத் தேவையில்லை, எந்த ஊர்க்காரருக்கும் விளங்கியிருக்கும். சிவப்பை அழுத்தினால் நீளமான படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும், அந்தப் பக்கத்தில் யாராவது எழும்பிப் பேசும்வரை காத்திருக்க வேண்டும். அவளுக்கோ ஒன்பது மணிக்குக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெசோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்கிற தவணை, ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த தவணை. புருஷன் பீலிக்ஸ் கீழே படியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பட்டியலின் மேலே லூன் இருந்தது. மனிதர் அழுவதுபோலக் கத்துகிற நீர்ப்பறவை, புதிதாக வந்த எல்லோரும் அதில் ஏமாறுவார்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவள் லூனை அழுத்திவிட்டு லப்டொப்பை மூடினாள். ஏமாந்து அழுத்தவில்லை, தெரிந்துகொண்டே அழுத்தினாள்.

இரண்டு நாள் கழித்து எல்லோருக்கும் அறிவித்தல் வந்தது. ஜோயல் என்கிற இளம் காவலன் வீடு திரும்பவில்லை. அவனுடைய பனிவண்டி எங்கோ தெற்கே பழுதாகி நின்றது, அதைச் சுற்றித்தான் தேடினார்கள். அவன் வடக்கே, பதினேழாம் பெட்டியிருந்த ஏரிப் பக்கம் நடந்திருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. யாராவது எதையாவது கேட்டீர்களா என்று லோரெட்டா விசாரித்திருந்தாள். இல்லை என்று அமலினி எழுதினாள். பறவை என்று குறித்த துண்டுகள் இடம் மிச்சம் பிடிப்பதற்காக இரண்டாம் நாளே அழிந்துவிடும். அதன்பிறகு அந்தக் குரல் இருந்த ஒரே இடம் அவளுடைய காது. நாலாம் நாளோடு, உயிரோடு இருப்பவனைத் தேடுவதை அவர்கள் விட்டுவிட்டார்கள். இப்போது உடம்பைத் தேடுகிறார்கள்.

வேறு பறவையாக இருக்கலாம், ஆந்தையோ தெரியாது, மன்னிக்கவும் என்று வாய் கூசாமல் ஒரு பதில் அனுப்பினாள். வாய் கூசாததற்குக் காரணம் அது விரலால் எழுதியது.

பின்னேரம் பீலிக்ஸ் நகருக்கு வெளியே சியாகுல்லியிலிருந்து வந்தான். மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நீர் கட்டுகிற வேலை அவனுக்கு. நடையில் கால் வைத்தவன் அப்படியே நின்றான்.

"தண்ணி வராத நாளிலை ஆரப்பா தரை கழுவினது?"

"நான் கழுவேல்லை," என்றாள் அமலினி.

வாசலிலிருந்து அவளுடைய மேசைவரைக்கும் தரை ஈரமாக இருந்தது. மழைக்கால வறட்சிக்குப் பிறகு மாநகராட்சி தண்ணீரைப் பங்கிட்டு விட்டதில், அன்றைக்குக் குழாயில் ஒரு சொட்டும் இல்லை. பீலிக்ஸ் துணியைப் போட்டுக் காலால் துடைத்தான். "ஐஸ் மாதிரிக் கிடக்கு," என்று சொல்லிவிட்டுக் குளிக்க வழியில்லாத எரிச்சலோடு உள்ளே போனான்.

மறுநாள் அந்தக் குரல் பதினாலாம் பெட்டியில் வந்தது. அதற்கு மறுநாள் ஒன்பதில். அவள் சிவப்பை அழுத்தவில்லை. அழுத்தினால் அவர்கள் கேட்பார்கள், கேட்டுவிட்டுக் காற்று என்பார்கள், பிறகு மெல்ல ஏப்ரலைப் பற்றிக் கேட்பார்கள். ஆகவே அவளே காற்று என்று குறித்தாள். அவன் கூப்பிடக் கூப்பிட, காற்று, காற்று, காற்று. இப்படி ஒரு மனுசி இருப்பாளா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள், கேட்டுக்கொண்டே அடுத்த துண்டை ஓடவிட்டாள்.

மூன்றாம் நாள் ஹெட்போனைக் கழற்றிய பிறகும் கேட்டது. குரலல்ல, காலடி. காய்ந்த பனியில் சப்பாத்து புதைகிற நறநறப்பு, வீட்டு நடையின் அந்தக் கோடியிலிருந்து குளியலறைவரைக்கும், பிறகு திரும்பி வருகிறதும். கூடவே ஒரு மணம். நனைந்த கம்பளி, பெற்றோல், வெட்டுப்பட்ட மரத்தின் பால். வெக்கையில் கொதிக்கிற வீட்டுக்குள் அந்த மணம் மட்டும் குளிராக நின்றது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கோபப்பட்டதைச் சொன்னாள், இரண்டு பூசைக்குப் போகாததைச் சொன்னாள். வேறு ஏதும் உண்டா என்று பாதர் கேட்டார். இல்லை பாதர் என்றாள். எழும்பும்போது முழங்கால் வைத்த பலகை நனைந்திருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் லோரெட்டா வீடியோவில் வந்தாள். களைத்த முகம். ஐம்பது வயதிருக்கும், ஒரே மாதத்தில் இன்னும் பத்து வயது கூடியிருந்தது. அவளுக்குப் பின்னால் யன்னலில் சாம்பல் நிறத்தில் ஒரு ஏரி. அமலினிக்கு விளங்கவேண்டுமென்று இங்கிலீசை மெதுமெதுவாகப் பேசினாள். ஜோயலின் தாய்க்கு யாரிலும் கோபமில்லை. தாய் கேட்பது ஒன்றைத்தான், தண்ணீர் திறக்கமுதல் பிள்ளையை எடுத்துத் தங்கள் மண்ணில் வைக்க வேண்டும். இரண்டு நாளில் ஏரிகள் திறந்துவிடும். ஒரு ஆந்தையை நம்பி, இளகிய பனிக்கட்டியில் பதினேழாம் பெட்டிவரை ஆட்களை அனுப்ப முடியாது. திறந்தால் ஆறு அவனை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது.

"எங்கே தேடுவது என்று மட்டும் தெரிந்தால் போதும், அமலினி. வேறு எதையும் நாங்கள் கேட்கமாட்டோம்."

அமலினி வாயைத் திறந்தாள். பதினேழாம் பெட்டி என்று இரண்டு சொல். சொன்னால் வேலை போகும், விமலராஜின் பெயர் கெடும், அதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒருவன் உயிரோடு கூப்பிட்டதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனேன் என்று, அந்தத் தாய் இருக்கிற ஊருக்கு எப்படிச் சொல்வது? எனக்கு நினைவில்லை என்றாள்.

லோரெட்டாவின் பார்வை அமலினியின் தோளுக்கு மேலால் போய்த் திரும்பிற்று. சரி என்றாள். உங்கள் இரண்டு பேருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டுத் துண்டித்தாள்.

பீலிக்ஸ் தோட்டத்தில். ஒன்பது வயது மகள் லக்ஷனா பள்ளிக்கூடத்தால் வந்து, சாப்பிட்டு, உள் அறையில் தூங்குகிறாள். மேசைக்கு முன்னால் ஒரு கதிரைதான்.

அமலினி திரும்பிப் பார்க்கவில்லை. கைபேசியை எடுத்து லோரெட்டாவுக்கு எழுதத் தொடங்கினாள். பதினேழாம், என்று எழுதி அழித்தாள். மறுபடி எழுதினாள். நடையில் நறநறப்பு கேட்டது. அவளைத் தாண்டியது. பல்கனிப் பக்கம் போய் நின்றது.

தட்டல்.

யன்னல் பலகையில் காற்று அடிக்கிறது என்று நினைக்கப் பார்த்தாள். மறுபடி தட்டல். அவசரமில்லாத, களைத்த தட்டல்.

உள் அறைக் கதவு திறந்தது. லக்ஷனா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, பல்கனியிலை ஒரு சிஞ்ஞோரே கூப்பிடுறார்."

"ஆரையடி?"

"உங்களைத்தான். உங்கடை பேரைச் சொல்லிச் சொல்லி நிப்பாட்டுறார்."

அமலினி பல்கனிக் கதவைத் திறந்தாள். வெக்கை முகத்தில் அறைந்தது. வெளியே யாருமில்லை. உடுப்புக் காயப்போடுகிற கொடி, ஒரு வாளி, தண்ணீர் வராத நாட்களுக்கென்று எல்லா வீட்டிலும் வைத்திருப்பதுபோல ஒரு நீலப் பிளாஸ்ரிக் தண்ணீர்த் தாங்கி. இடுப்பளவு உயரம். சூரியன் நேரே அதில் விழுந்துகொண்டிருந்தது.

மூடியில் வெண்பனி பூத்திருந்தது.

தூக்கினாள். விரல் ஒட்டிப் பிரிந்தது.

உள்ளே தண்ணீரில்லை. ஐஸ். விளிம்பிலிருந்து விளிம்புவரை, சாம்பல் நிறத்தில், தடித்த ஐஸ். அதற்குக் கீழே ஒரு உள்ளங்கை. வெளிறிய, விரல்கள் விரிந்த, நகமுடைந்த உள்ளங்கை. அது மேலே வந்து தட்டிற்று. தள்ளி, இன்னும் கீழே, வாயொன்று திறந்து மூடியது.

கைபேசி அவள் கையிலேயே இருந்தது. இரண்டு சொல். அனுப்பினால் போதும்.

"ஆரம்மா?" பின்னாலிருந்து லக்ஷனா.

"ஒண்டுமில்லை," என்றாள் அமலினி. "பறவை. நீ போய்ப் படு."

மூடியைப் போட்டாள். அது மெல்ல உயர்ந்தது. இரண்டு கையாலும் அமுக்கினாள். மறுபடி உயர்ந்தது. ஏறி அதன்மேல் இருந்தாள். குளிர் தொடையில் ஏறிற்று. கைபேசி எங்கோ விழுந்தது. அவளுக்கு நேர் கீழே, தட்டல். நிறுத்தம். தட்டல்.

லக்ஷனா போகவில்லை. தாங்கியின் பக்கத்தில் குந்தினாள். பிள்ளைக்குப் பயமில்லை. யாரோ கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் அவளுக்குத் தெரியும். நீலப் பிளாஸ்ரிக்கில் தன் உள்ளங்கையை வைத்து, மெதுவாக இரண்டு தரம் தட்டினாள்.

"இஞ்சை இருக்கிறம்," என்றாள்.

அமலினிக்குக் கீழே தட்டல் நின்றது. பிறகு அது நகர்ந்தது. ஐஸுக்கு அடியால், தாங்கியின் உட்சுவரை உராய்ந்துகொண்டு, கீழே, பிள்ளையின் கை இருந்த பக்கமாக.