மதிலில் பூத்த குண்டுப் பூ

கடல் கடந்து வந்து நாட்டை ஆண்டவர்கள் மூட்டை கட்டிக் கிளம்பி ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவர்களுடைய ராஜாவின் இரும்புக் கிரீடம் மட்டும் தபால் ஆபீஸ் மதிலில் ஜம்மென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்று அதற்கும் விடுதலை! பெயிண்டர் மாமா நாலு திருகாணிகளைக் கழற்றினார். டங்கென்று கிரீடம் வாளிக்குள் விழுந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த வாலு கை தட்டினாள். அவளுக்கு ஒன்பது வயது. வீட்டிலும் தெருவிலும் ‘வாலு’ என்பதுதான் பெயர்.

“இங்க என்ன வரும் மாமா?”

“நம்ம நாட்டுப் பூ!”

மாமா திருகாணி ஓட்டைகளை அடைக்க சிமென்ட் குழைத்தார். அப்போதுதான் வாலுவுக்குச் சுருக்கென்றது.

“ஐயோ! எங்க சித்தி!”

சித்திக்குக் கண் தெரியாது. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். தினமும் ஐந்து மணி பஸ்ஸில் இறங்கி, இந்த நீள மதிலைத் தடவிக்கொண்டே வருவார். கையில் கிரீடம் தட்டுப்பட்டால் நின்று, ரோட்டைக் கடப்பார். அங்கேதான் வெள்ளைக் கோடு இருக்கிறது, வண்டிகள் நிற்கும். மற்ற இடத்தில் இறங்கினால் லாரிகள் பறக்கும்.

“மாமா, பூவைப் பெயிண்ட்ல வரையாதீங்க! தொட்டா தெரியணும்.”

விஷயத்தைக் கேட்டதும் மாமா தலையைச் சொறிந்தார். “உத்தரவும்மா. மீறினா எனக்குக் கிரீடமா வைப்பாங்க? குட்டுதான் வைப்பாங்க.”

“தட்டையா இருக்கணும்னு உத்தரவுல இருக்கா?”

மாமா சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்தார். “வெள்ளை நிறம்... ஐந்து இதழ்... ஒரு சாண் அகலம்... அட, தட்டைன்னு இல்லையே!”

இருவரும் சிமென்ட்டைப் பார்த்தார்கள்.

நாலு இதழ்களை மாமா கரண்டியால் நறுவிசாகச் செய்தார். ஐந்தாவது இதழ் வாலுவுடையது. மூக்குமுட்டச் சாப்பிட்டதுபோலக் குண்டாக இருந்தது.

பஸ் வந்தது. சித்தி மதிலைத் தடவியபடி வந்தார். கூப்பிட வாய் துடித்தது. வாலு கையால் பொத்திக்கொண்டாள். பூ வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டாமா?

சித்தியின் கை நின்றது. முகம் சுருங்கியது.

“கிரீடத்தைக் காணோமே!”

விரல்கள் மெல்ல நகர்ந்தன. ஒன்று, இரண்டு... ஐந்து.

“பூவா?”

“ஆமா சித்தி, நம்ம பூ!” வாலு குதித்தாள்.

“அடி வாலு, நீயும் இங்கதான் இருக்கியா? நாலு இதழ் அழகா இருக்கு. இந்த ஒண்ணுல மட்டும் யாரோ கட்டைவிரலை அமுக்கியிருக்காங்களே. நம்ம வீட்டு விரலாட்டம் இருக்கு!”

“ஈரம்மா, கையை எடுங்க!” என்று மாமா அலறினார்.

சித்தி சிரித்துக்கொண்டே திரும்பி, கையை உயர்த்தினார். வந்த லாரி வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் சமர்த்தாக நின்றது.

மறுநாள் மாமா பூவுக்கு வெள்ளை அடித்தார். கட்டைவிரல் பள்ளத்தை மட்டும் அவர் பூசி மூடவே இல்லை.