பத்தியத்தின் எட்டாம் நாள்

"அக்கா, இதுல உப்பு போட்டியா?"

பதினோரு வருடங்களுக்கு முன்பு, இதே குடிலில் பத்தியம் இருந்த தங்கை ஒதிலியா அப்படிக் கேட்டாள். "இல்லடி" என்றாள் எர்லிந்தா. அக்கா சொன்னால் ஒதிலியாவுக்குப் போதும். சிரித்துக்கொண்டே மீனைப் பிட்டு வாயில் போட்டாள்.

இப்போது பத்தியத்தின் மூன்றாம் நாள். மரத்தட்டில் வேகவைத்த பச்சை வாழைக்காயும், தணலில் சுட்ட மீனும் இருந்தன. முதல் கவளத்திலேயே எர்லிந்தாவின் நாக்கில் உப்புக் கரித்தது.

துப்பினாள். வாளியிலிருந்த மழைத்தண்ணீரை அள்ளிக் கொப்பளித்தாள். அதுவும் கரித்தது.

அவள் பாட்டைக் கேட்கத்தான் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் விமானம் ஏறி, உக்காயாலி ஆற்றில் படகு ஏறி இந்தக் காட்டுக்கு வந்தார்கள். தரிசனம் காட்டும் கொடி மருந்தைக் குடித்துவிட்டு இருட்டில் கிடப்பவர்களைப் பாட்டுதான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வரும். அந்தப் பாட்டு அவள் தொண்டையை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. கிசுகிசுப்பு மட்டும்தான் மிச்சம். இந்த மழைக்காலம் முடிவதற்குள் குரல் திரும்பவில்லை என்றால் ஊரில் அவள் வெறும் கிழவி. அதனால்தான் முதன்முதலில் தனக்குப் பாட்டுக் கொடுத்த மரத்திடமே மறுபடியும் வந்திருந்தாள். எட்டு நாள். தனிக் குடில். மரப்பட்டைத் தண்ணீர். உப்பு கூடவே கூடாது. பத்தியத்தைத் தொடங்கி வைத்தவரே கடைசி நாளில் நாக்கில் ஒரு சிட்டிகை உப்பு வைத்து முடித்து வைக்க வேண்டும். அதற்கு முன்பு உப்பு உள்ளே போனால், மரமும் உள்ளே வந்துவிடும்.

தொடங்கி வைத்தவள் மெட்சா. ஒதிலியாவின் மகள். எர்லிந்தாவே எடுத்து வளர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்த பெண்.

"என்ன பெரியம்மா, தட்டு அப்படியே இருக்கு?" ஏணியில் ஏறி வந்த மெட்சா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "பக்கத்துக் குடில்ல பத்தியம் இருக்குற ஜெர்மன்காரரே முள்ளை மட்டும்தான் மிச்சம் வைக்கிறாரு. நேத்து அவரு கனவுல சிப்ஸ் பாக்கெட் வந்துச்சாம். மரம் காட்டுன தரிசனமான்னு என்கிட்ட கேக்குறாரு."

"மீன் கரிக்குதுடி."

மெட்சா ஒரு துண்டைக் கிள்ளி மென்றாள். "சப்புன்னு இருக்கு. உங்க நாக்குக்கு வயசாயிடுச்சு."

அவள் போன பிறகு எர்லிந்தா வாசலில் உட்கார்ந்து மரத்தைப் பார்த்தாள். ஊரில் அதைப் பிணத்தலை மரம் என்பார்கள். காய்கள் கிளையில் காய்ப்பதில்லை; அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாக இறங்கி, ஆள் தலை அளவுக்கு, பழுப்பாக, உருண்டையாகத் தொங்கும். பூவுக்குக் கல்யாண வீட்டு வாசனை, காய் உடைந்தால் செத்த எலியின் நாற்றம். அன்று இரண்டும் கலந்து, மழை ஈரத்தோடு சேர்ந்து, கொசுவலைக்குள்ளும் தலைமுடிக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துகொண்டது. காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் காய்கள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, டொக் டொக் என்று, யாரோ கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதைப்போல.

நான்காம் நாள் பட்டைத் தண்ணீரும் கரித்தது. ஐந்தாம் நாள் அவளுடைய விரல்களே கரித்தன. தொண்டைக்குழியில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ உருண்டையாக, கெட்டியாக, நெல்லிக்காய் அளவுக்கு.

ஒதிலியாவுக்கும் இங்கேதான் தொடங்கியது. நான்கே நாள். கழுத்து காய்போல உருண்டு, வாய் திறந்தபடியே, சத்தமில்லாமல் போனாள். பாட்டு அவளுக்குத்தான் முதலில் வந்தது, குருவி மாதிரிக் குரல். அதை எர்லிந்தாவால் தாங்க முடியவில்லை.

ஆறாம் நாள் மெட்சா தட்டை வைத்துவிட்டுப் போகாமல் எதிரில் உட்கார்ந்தாள்.

"யாருடி சமைச்சது?"

"நான்தான். அடுப்புப் பக்கம் வேற யாரையும் விடல." பாவாடைத் தையலில் ஒரு கோட்டை விரலால் தடவிக்கொண்டே பேசினாள். "அன்னைக்கு எங்கம்மா தட்டுல பாதி மீன் மிச்சம் இருந்துச்சு, பெரியம்மா. அதை நான்தான் தின்னேன். எட்டு வயசு. நல்லா ருசியா இருந்துச்சு."

எர்லிந்தா தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மா வாயைக் கட்ட முடியாம உப்பைத் திருடித் தின்னுட்டான்னு ஊர்க்கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னீங்க. அப்பவும் அந்த ருசி என் வாயிலயே இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அவளை ஊர்ல திருட்டு நாக்குன்னுதான் சொல்றாங்க."

"நீ... இதுல..."

"நான் போடல. போடணும்னு நெனச்சுதான் அடுப்பைப் பத்த வச்சேன். அதுக்கு முந்தியே உங்களுக்குக் கரிக்க ஆரம்பிச்சிடுச்சு." எழுந்தாள். "எட்டாம் நாள் உப்போட வரேன். உண்மையைச் சொல்லுங்க. ஊருக்கு வேணாம், எனக்கு மட்டும் சொல்லுங்க. முடிச்சு வைக்கிறேன்."

ஏழாம் நாள் எர்லிந்தாவால் எச்சிலை விழுங்க முடியவில்லை.

எட்டாம் நாள். நடுப்பகல். ஆனால் மழை மேகம் காட்டின்மேல் கவிழ்ந்து கொட்டியதில், குடிலுக்குள் அவள் கையே அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஏணி கிறீச்சிட்டது. மெட்சா மடித்த வாழை இலையோடு உள்ளே வந்து மண்டியிட்டாள். இலையில் எலுமிச்சை, மிளகாய், உப்பு. ஒரு சிட்டிகையை எடுத்து எர்லிந்தாவின் உதட்டருகே பிடித்தாள்.

"சொல்லுங்க பெரியம்மா."

சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. நான்தான் போட்டேன். எர்லிந்தா மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

டொக்.

வெளியே காய்கள் இடித்தன. பிறகு நின்றன. மழையும் நின்றது. தவளைகளும்.

"அக்கா, இதுல உப்பு போட்டியா?"

மரத்திலிருந்து வந்தது அந்தக் குரல். குருவிக் குரல்.

மெட்சாவின் விரல்களிலிருந்து உப்பு பாதி சிந்தியது. அவளும் கேட்டுவிட்டாள். பதினோரு வருடம் கழித்துத் தாயின் குரல். கண்கள் நிரம்பி வழிந்தன. ஆனாலும் கையை விலக்கவில்லை. எர்லிந்தாவின் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.

எர்லிந்தாவின் தொண்டைக்குள் ஏதோ அசைந்தது. நாக்கு தானாக எழுந்தது. பழகிய நாக்கு.

"இல்லடி."

தெளிவான குரல். கணீரென்று. இரண்டு வருடமாக அவள் தேடிய அதே குரல். ஆற்றின் மறுகரை வரை கேட்டிருக்கும்.

அத்தோடு தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு ஒரு நூலளவு. வாய் மட்டும் திறந்தபடி. மூட முடியவில்லை. உள்ளிருந்து செத்த எலியின் நாற்றம்.

வாசல் வழியே மரம் தெரிந்தது. காய்கள் எல்லாம் குடிலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. நடுவில் புதிதாக ஒரு கயிறு இறங்கியிருந்தது. அதன் நுனியில் எதுவும் இல்லை. எர்லிந்தா எழுந்து நின்றால் அவள் தலை இருக்கும் உயரம்.

மெட்சா விரலில் ஒட்டியிருந்த உப்பை இலையில் தட்டினாள். எலுமிச்சையை எடுத்து வைத்தாள். இலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். மரத்தடியில் ஒரு நொடி நின்று, தாழத் தொங்கிய காய் ஒன்றைக் கன்னத்தைத் தொடுவதுபோலத் தொட்டாள். பிறகு நடந்து போனாள்.