சுடர்விழியின் முதல் இதழ்

"அப்பா...!"

கார்த்திகாவின் அலறல் அன்னவாசல் கடைத்தெரு வரை கேட்டது.

குடோனில் ஆத்மநாதன் குப்புறக் கிடந்தார். மேலே பழைய காமிக்ஸ் பண்டல்கள். பின்மண்டையில் ரத்தம்... உறைந்திருந்தது!

'சுடர்விழி' காதல் காமிக்ஸை முப்பத்தொன்பது வருடமாக மாதம் தவறாமல் வெளியிட்ட மனிதர்.

"பண்டல் சரிஞ்சு விழுந்துருக்கும்மா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் மரியசெல்வம்.

"இல்ல சார். சணலைப் பாருங்க... அறுத்துருக்கு! அப்பா முடிச்சை அவுத்து, சுருட்டி எடுத்து வைப்பாரு. ஒருநாளும் அறுக்க மாட்டாரு. அதுவும் எல்லாம் மொத வருசத்துப் பண்டல்... யாரோ எதையோ தேடியிருக்காங்க!"

மரியசெல்வத்தின் புருவம் ஏறியது.

நான்காம் நாள் காலை.

துக்கம் கேட்க நிலவழகன் வந்தான். சுடர்விழிக்கு முதன்முதலில் படம் வரைந்த ஓவியர் நாகராசுவின் மகன். அவனுக்கு இரண்டு வயதாகும்போதே நாகராசு போய்ச் சேர்ந்துவிட்டார்.

"எங்கப்பாவைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்றாள் கார்த்திகா.

"ரெண்டு வருசம் இருக்கும்ங்க. விராலிமலையை விட்டு நா இங்கிட்டு வாரதே இல்ல."

இரண்டே நிமிடத்தில் துக்கம் தீர்ந்தது. விஷயத்துக்கு வந்தான்.

"சுடர்விழியை சீரியலா எடுக்க சென்னைக் கம்பெனி கேக்குதாமே? அவளை உருவாக்குனது எங்கப்பா. ரெண்டாம் நம்பர் புக்குலேர்ந்துதான் ஒங்கப்பா பேரு. ஒண்ணாம் நம்பர்ல எங்கப்பா பேருதான் இருக்கணும். எடுங்க அதை!"

சுடர்விழி கைவிட்டுப் போனால், அப்பாவின் பெயரும் போய்விடும்.

"அது... இல்லீங்க."

"போடவே இல்லன்னு நீங்களும் ஆரம்பிக்காதீங்க! ரெண்டாம் நம்பர்லதான் ஆரம்பிச்சாராம்... நம்புறதுக்கு நா என்ன கேணையனா?"

கார்த்திகா விருட்டென்று நிமிர்ந்தாள்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"ஊ... ஊருக்கே தெரியும்ங்க..."

"தெரியாது! புது புக்குன்னா கடைக்காரங்க தொட மாட்டாங்கன்னு, அப்பா ரெண்டாம் நம்பர்லேர்ந்தே அச்சடிச்சாரு. ஒண்ணாம் நம்பர் கேட்டு எழுதுனவங்களுக்கெல்லாம் ஒரே பதில்... 'விற்றுத் தீர்ந்தது'. எனக்கே போன மாசந்தான் சொன்னாரு. அதுவரைக்கும் வேற தெரிஞ்ச ஒரே ஆளு ஒங்கப்பாதான்னாரு. அவரு போனப்ப ஒங்களுக்கு ரெண்டு வயசு... ரெண்டு வருசமா எங்கப்பாவைப் பாக்காம ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

நிலவழகனின் முகம் வெளிறியது.

அவள் குரல் உடைந்தது.

"எங்கப்பா ஒங்கிட்ட நெசத்தைத்தானடா சொன்னாரு... அதுக்கா கொன்ன, பாவி!"

அவன் வாசலுக்குப் பாய்ந்தான். அதற்குள் அடுத்த அறைக் கதவு திறந்தது. காலையிலிருந்து துக்கத்துக்கு வருகிற ஒவ்வொருவரின் பேச்சையும் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த மரியசெல்வம், ஒரே எட்டில் அவன் சட்டையைப் பிடித்தார்.

"பொய் சொல்றாருன்னு நெனச்சேன் சார்... கோவத்துல இரும்பு ராடை எடுத்து..."

தேம்பினான்.

மரியசெல்வம் விலங்கின் ஒரு வளையத்தை அவன் கையிலும், இன்னொன்றைத் தன் கையிலும் மாட்டினார்.

"வாங்க தம்பி. காதல் காமிக்ஸாச்சே... கடைசிப் பக்கத்துல ஜோடி கைகோத்துத்தான் போகணும்!"