கரண்ட் இல்லாமல் ஓடும் கத்தரிக்கோல்

“கதவை இழுக்காதீங்க சித்தப்பா! உடைஞ்சிடும்!”

கத்திக்கொண்டே சலவைப் பட்டறைக்குள் பாய்ந்தாள் அவள். சித்தப்பா காதில் வாங்கவில்லை. ராட்சதச் சலவை இயந்திரத்தில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, அதன் வட்டக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கரண்ட் போய்விட்டது. கதவு பூட்டிக்கொண்டது. தண்ணீரும் வெளியேறவில்லை. உள்ளே, பேருந்து ஓட்டுநர்களின் புத்தம்புதுப் பருத்திக் கால்சட்டைகள் நொதி கலந்த வெந்நீரில் மிதந்தன.

“மெஷின் நின்னுடுச்சு. நொதி நிக்குமா? அதுக்குக் கரண்ட் எதுக்கு?” சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. “பெரிய கம்பெனி கொடுத்த முதல் வேலை கண்ணு! இது கெட்டா பட்டறையை மூட வேண்டியதுதான்.”

நொதிகள், கண்ணுக்குத் தெரியாத கத்தரிக்கோல்கள்! பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். ஒரு நொதி அதன் இழையை நடுவில் நறுக்கும். இன்னொன்று, நறுக்கிய நுனியைப் பிடித்துக் கடித்துக்கொண்டே போகும். மூன்றாவது, அந்தத் துணுக்குகளைச் சர்க்கரையாகவே மாற்றிவிடும்!

துணிமேல் தளர்வாக நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுதான் முதல் இரை. அது போனால் துணி வழவழப்பாகும். அதோடு நிறுத்தாவிட்டால்? நெருக்கமாக அடுக்கிய இழைகளிலும் மெல்லப் பல் பதியும்.

“அப்புறம் டிரைவர் உட்கார்ந்தா டர்ர்ர்...”

“சிரிக்காதே!”

அவள் சிரிக்கவில்லை. இயந்திரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேலை முடிஞ்சதும் எதைப் போட்டு நொதியை அடக்குவீங்க?”

“சலவை சோடா. பல்லு கூசி வாயை மூடிக்கும். ஆனா கதவு திறந்தாத்தானே...”

“கதவு எதுக்கு? சோப்பு போடற பெட்டி மேலே திறந்துதானே இருக்கு!”

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நொடி, திடீரென்று கரண்ட் வந்து இயந்திரம் சுழன்றுவிடாதபடி மெயின் சுவிட்சை அணைத்தார். வாளியில் சோடாவைக் கரைத்து, பெட்டி வழியே ஊற்றினார். சோடா எங்கும் கலக்க, உருளையைச் சுழற்றும் பின்பக்கச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றினார்.

கரண்ட் வந்து, மெயின் சுவிட்சைப் போட்டுக் கதவு திறந்ததும், முதல் கால்சட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். கிழியவில்லை. தடவினார். பூனைக்குட்டியின் காது மாதிரி இருந்தது.

“என்னா வேலைக்காரங்க! பிசிறை மட்டும் பொறுக்கித் தின்னிருக்காங்களே!” என்று வியந்தவர், சட்டென்று திரும்பினார். “ஆமா, கரண்ட் போனதும் நீ எதுக்கு இப்படித் தலைதெறிக்க ஓடி வந்தே?”

அவள் இயந்திரத்துக்குள் தலையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை உருவினாள். ஒரு சாண் நீளத்தில், குட்டி டவுசர்.

“பள்ளிக்கூட டவுசர் குத்துதுன்னு தம்பி தினமும் அழறான் சித்தப்பா. நீங்க பார்க்காதப்போ இதையும் உள்ளே போட்டுட்டேன்!”